ஹங்கேரியில் ஹைடுக்குள் உட்கார்ந்து பறவைப் படம்: குழுவாகப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டுக்குக் குழுவாகப் போய்ப் பறவைகளைப் படமெடுக்கும் பயணங்களில் ஹங்கேரியின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. போகலாமா என்று யோசிக்கிற நண்பர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாரும் லென்ஸைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அது கொஞ்சம் பின்னால் வருகிறது.

ஹைட் என்றால் என்ன? வேடந்தாங்கலில் இருக்கிற கோபுரம் மாதிரியா?

இல்லை. கோபுரத்தில் நிற்கும்போது எல்லாப் பறவைகளுக்கும் நம்மைத் தெரியும். அவை நம்மைப் பொறுத்துக்கொள்வது தூரத்தை நம்பித்தான். ஹைட் என்பது ஆள் இருப்பதே தெரியாதபடி கட்டிய சிறிய அறை. மரப்பலகையில் இருக்கும், பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும், சில இடங்களில் இரும்புச் சாரத்தின் மேல் மர உச்சி உயரத்தில் நிற்கும். இரண்டு முதல் நான்கு பேர் உட்காரலாம். பறவை நான்கைந்து மீட்டர் தூரத்தில் வந்து உட்கார்ந்து, தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போகும்.

முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பறவை எந்தக் கிளையில் உட்காரும், அதன் பின்னால் எவ்வளவு தூரத்தில் புதர் இருக்கும், காலை வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்பதையெல்லாம் ஹைடைக் கட்டியவர் முன்பே யோசித்து வைத்திருப்பார். பின்னணியையும் வெளிச்சத்தையும் நீங்கள் தேட வேண்டியதில்லை. உங்களுக்கு மிச்சம் இருப்பது கணத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும். சிலருக்கு இது நிம்மதி, சிலருக்குச் சப்பென்று இருக்கும். நீங்கள் எந்த ரகம் என்று பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. காட்டுக்குள் நடந்து நடந்து தேடுவதில்தான் சந்தோஷம் என்றால் இந்தப் பயணம் உங்களுக்கானது அல்ல.

எத்தனையோ நாடு இருக்க, ஏன் ஹங்கேரி?

மூன்று காரணங்கள். முதலாவது நிலம். தானூப், திஸா ஆறுகளைச் சுற்றி விரிந்து கிடக்கும் பெருஞ்சமவெளியில் புல்வெளி, உப்பு ஏரி, மணல்மேடு, மீன்குளம், சிறு காடு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கிழக்கே ஹோர்தோபாஜ் தேசியப் பூங்கா. 1973-இல் அமைந்த அதுதான் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா, 1999 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. தெற்கே கிஷ்குன்சாக் தேசியப் பூங்கா, 1975-இல் வந்தது. புடாபெஸ்டிலிருந்து ஹோர்தோபாஜுக்குக் காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். கிஷ்குன்சாக் அதைவிடக் கிட்டே.

இரண்டாவது காரணம் ஒரு மனிதர். பென்ஸே மாத்தே 2002-இல் லண்டனின் காட்டுயிர்ப் படப் போட்டியில் இளையோர் பிரிவிலும், 2010-இல் பெரியவர்கள் பிரிவிலும் முதலிடம் பிடித்த ஹங்கேரியர். பல மாதிரி ஹைடுகளைக் கட்டிப் பார்த்து, ஒருவழிக் கண்ணாடி வைத்த ஹைடை உலகம் முழுக்கப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு. அவரைப் பார்த்து அந்த வட்டாரத்தில் பலரும் கட்ட ஆரம்பித்தார்கள். இன்று அது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

மூன்றாவது, ஒரே வாரத்தில் நான்கைந்து வகை ஹைடுகளில் மாறி மாறி உட்கார முடியும். ஒரு நாள் காட்டுக்குளம், மறுநாள் பனங்காடை, அடுத்த நாள் மீன்குளம் என்று போகும்.

எந்த மாதம் போனால் என்ன பறவை கிடைக்கும்?

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை.

ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஐரோப்பியப் பனங்காடையும் பஞ்சுருட்டானும் ஏப்ரல் கடைசியில் வந்து சேரும். மே மாதத்தில் ஆண் பனங்காடை வெட்டுக்கிளியையோ பல்லியையோ பிடித்து வந்து பெண்ணுக்குக் கொடுக்கும். அது வாங்கிக்கொண்டால்தான் இணைசேரல். இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் எல்லாரும் படமெடுக்க ஆசைப்படுகிறார்கள். நம்மூர் மின்கம்பியில் உட்காரும் பனங்காடையின் நெருங்கிய உறவுதான் இது. ஆனால் நம்முடையதற்கு மார்பு செம்பழுப்பு, இதற்குத் தலையிலிருந்து வயிறு வரை ஒரே வெளிர்நீலம். ஜூன் கடைசியில் குஞ்சு பொரித்த பிறகு பெற்றோர் இரை கொண்டுவரும் வேகம் கூடும், ஆனால் காதல் காட்சிகள் முடிந்துபோயிருக்கும்.

சிவப்புக்கால் வல்லூறு இன்னும் சுவாரசியம். அது கூடு கட்டாது. அண்டங்காக்கையின் உறவான ரூக் எனும் காக்கை கூட்டங்கூட்டமாகக் கட்டிவைக்கும் கூடுகளை எடுத்துக்கொள்ளும். பயிருக்குக் கேடு என்று ஒரு காலத்தில் ரூக்குகளை ஏராளமாகக் கொன்றார்கள். அவை குறைந்ததும் வல்லூறுக்கும் வீடு இல்லாமல் போயிற்று. 1974-இல் தொடங்கிய ஹங்கேரியப் பறவையியல் சங்கமும் தேசியப் பூங்காக்களும் சேர்ந்து மரங்களில் பெட்டிக் கூடுகள் வைக்க, மறுபடியும் கூட்டமாக முட்டையிட ஆரம்பித்தன. பனங்காடைக்கும் இதே கதைதான். பொந்துள்ள கிழமரங்கள் போய்விட்டதால் பெட்டிகள்தான் ஆதாரம். வல்லூறு ஹைடில் உட்கார்ந்து நீங்கள் பார்க்கப்போகும் கூட்டம் இப்படித் திரும்ப வந்த கூட்டம்.

காட்டுக்குளத்துக்கு ஜூலை, ஆகஸ்ட் நல்லது. வெயில் ஏறி, மற்ற இடங்களில் தண்ணீர் வற்றிவிட்டால் மாங்குயில், மரங்கொத்தி, புறா, தடித்த அலகுள்ள ஹாஃபிஞ்ச் எல்லாம் குளிக்க வரும். இவற்றைத் தேடிக்கொண்டு ஸ்பாரோஹாக் எனும் சிறு வேட்டைப்பறவையும் வரும். அதுவும் குளிக்கும், அப்போது மற்ற யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

கானமயிலின் ஐரோப்பிய உறவைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல். ஆண் பறவை 15 கிலோவையும் தாண்டும். இறகைப் புரட்டிப் போட்டு வெள்ளைப் பந்தாக நின்று ஆடுவது அந்த மாதத்தில்தான். அக்டோபரில் ஹோர்தோபாஜில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேன்கள், அதாவது பெருங்கொக்குகள், தெற்கே போகும் வழியில் இறங்குகின்றன. ஆனால் அது ஹைடுக்கான காட்சி அல்ல, வானத்தைப் பார்த்து நிற்கிற காட்சி. ஜனவரி, பிப்ரவரியில் வெண்வால் கழுகு வரும். உறைபனியில் உட்கார உடம்பு ஒத்துழைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவழிக் கண்ணாடி வழியாக எடுத்தால் படம் மங்காதா?

வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு: இந்த ஏற்பாடு இருக்கும்வரை வெளியிலிருந்து பார்க்கிற பறவைக்குக் கண்ணாடியில் மரமும் வானமும்தான் தெரியும். இதற்கான விலை வெளிச்சம். ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், சில கண்ணாடிகளில் அதற்கும் சற்று மேலே, குறைந்துவிடும். வெளியே ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600-இல் எடுக்கிற இடத்தில் உள்ளேயிருந்து 3200 வைக்க வேண்டும். இன்றைய கேமராக்களுக்கு இது பெரிய விஷயமே அல்ல.

படம் மங்குவது வேறொரு காரணத்தால். கண்ணாடிக்கு நேராக எடுத்தால் கூர்மை அருமையாக இருக்கும். லென்ஸைச் சாய்த்துப் பக்கவாட்டில் திருப்பத் திருப்ப விளிம்புகள் இரட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். ஓரத்தில் உட்கார்ந்த பறவையை விட்டுவிடுங்கள், நடுவுக்கு வரும். லென்ஸ் முகத்தைக் கண்ணாடிக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டே வையுங்கள், ஆனால் தட்டக்கூடாது. கறுப்பு அல்லது அடர்நிறச் சட்டை போடுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேமராவின் பின்திரை வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். அந்தி நேரத்தில் உள்ளே யாராவது போன் டார்ச்சைப் போட்டால் கண்ணாடியின் மாயம் அந்த நொடியே போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் நாலு பேர் முகமும் பளிச்.

கண்ணாடி இல்லாத ஹைடுகளும் உண்டு. அவற்றில் துணித்துளை வழியாக லென்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே விதி நேர்மாறு. கண்ணாடிக்குப் பின்னால் லென்ஸை எப்படித் திருப்பினாலும் பறவைக்குத் தெரியாது, துளையில் அப்படிச் செய்தால் பறவை பறந்துவிடும். பறவை வரும் முன்பே நீட்டி வைத்துவிட்டு, கடிகார முள் நகர்கிற வேகத்தில்தான் திருப்ப வேண்டும்.

சரி, இப்போது லென்ஸ். என்னிடம் 600 மிமீ எஃப்/4 இல்லை. போவதில் அர்த்தம் இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. சொல்லப்போனால் அந்தப் பெரிய லென்ஸ் இல்லாததே பல ஹைடுகளில் வசதி. பறவை கிட்டே வருகிற இடத்தில் எவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகிறது என்பதுதான் கேள்வி. கேனான் 600 எஃப்/4 மூன்றாம் பதிப்பு 4.2 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. சோனி 200-600 லென்ஸ் 2.4 மீட்டர் வரை வரும். சிக்மா 150-600 கன்டெம்பரரி 2.8 மீட்டர். கேனான் 100-400 இரண்டாம் பதிப்போ ஒரு மீட்டருக்கும் குறைவு. குளத்து ஹைடில் திடீரென்று கண்ணாடிக்கு அடியிலேயே மாங்குயில் வந்து நின்றால் பெரிய லென்ஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

100-400 அல்லது 150-600 ஒன்றும், 70-200 ஒன்றும் போதும். அகலக் கோண லென்ஸ் ஒன்று பையில் கிடக்கட்டும், புல்வெளியும் மாலை மேகமும் அதற்குத் தீனி.

ஒருவர் மட்டும் போகும் பயணம் அல்ல என்பதால் டிரைபாடு பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூன்று பேர் உட்காரும் அறையில் மூன்று டிரைபாடு விரித்தால் கால் வைக்க இடமிருக்காது. பல ஹைடுகளில் பலகையிலேயே தலைப்பகுதியைப் பொருத்தும் திருகு இருக்கும். கனமான லென்ஸைத் தாங்கி எல்லாப் பக்கமும் திருப்ப உதவும் ஜிம்பல் தலையை மட்டும் எடுத்துப்போனால் போதும்.

செட்டிங் என்ன வைக்கலாம்?

எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும்; எண் கூடக் கூடத் திறப்பு சிறுத்து, கூர்மையாக விழும் ஆழம் கூடும். கிட்டே இருக்கும் பறவைக்குப் பலரும் பழக்கதோஷத்தில் எஃப்/5.6 வைக்கிறார்கள். 400 மிமீ லென்ஸில், 5 மீட்டர் தூரத்தில், எஃப்/5.6 திறப்பில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். அலகில் ஃபோகஸ் ஆனால் வால் போய்விடும். இரண்டு பனங்காடைகள் சண்டை போட்டால் ஒன்றுதான் கூர்மையாக வரும். உட்கார்ந்த பறவைக்கு எஃப்/8, ஜோடிக்கு எஃப்/10 என்று தாராளமாக ஏற்றுங்கள். பின்னணி தூரத்தில் இருப்பதால் அது எப்படியும் மங்கலாகத்தான் விழும்.

பறந்து வந்து இறங்குவதற்கு 1/2500 நொடி, பஞ்சுருட்டானுக்கு 1/3200 நொடி. சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் போடுங்கள். ஆனால் சில கேமராக்களில் அந்த முறையில் வேகமான சிறகு வளைந்து நெளிந்து விழும். உங்கள் கேமரா எப்படி என்று வீட்டிலேயே மின்விசிறியை எடுத்துச் சோதித்துவிட்டு வாருங்கள்.

ஒரு தடவை உள்ளே போனால் எவ்வளவு நேரம்? அப்புறம்… அவசரம் வந்தால்?

எல்லாரும் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் கேட்கும் கேள்வி இது. ஜூனில் அங்கே சூரியன் ஐந்து மணிக்கு முன்பே உதித்துவிடும், மறைய இரவு எட்டே முக்கால் ஆகும். பறவை விழிக்கும் முன் உள்ளே போக வேண்டும் என்றால் மூன்று, மூன்றரைக்கு எழ வேண்டும். காலை ஆட்டம் ஐந்தாறு மணி நேரம். மதியம் தூக்கம். மாலையில் மறுபடி நாலைந்து மணி நேரம். சில ஹைடுகளில் நாள் முழுவதும்.

நடுவில் வெளியே வர முடியாது. வழிகாட்டி வந்து அழைக்கும்வரை உள்ளேதான். சில ஹைடுகளின் பின்னறையில் உலர்கழிப்பறை இருக்கும், சிலவற்றில் மூடிபோட்ட வாளி, சிலவற்றில் அதுவும் இல்லை. பயணத்தை நடத்துகிறவரிடம் ஒவ்வொரு ஹைடுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பெண்கள் கட்டாயம் கேளுங்கள். மழுப்பினால் அந்தக் குழுவே வேண்டாம் என்பது என் கருத்து. சர்க்கரை நோய் உள்ளவர்கள், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள், முழங்கால் மடக்க முடியாதவர்கள் இதை வெளிப்படையாகச் சொன்னால் அதற்கேற்ற ஹைடாகப் பார்த்துத் தர முடியும். மண்ணுக்குள் புதைந்த ஹைடில் இறங்கி ஏறுவதும் கோபுர ஹைடின் ஏணியும் எல்லாருக்கும் ஒத்துவராது.

உள்ளே என்ன செய்யக்கூடாது?

பேசக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. கண்ணாடி பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. போன் அதிர்வுகூடப் பலகையில் வைத்திருந்தால் முழங்கும். குறட்டை விடுகிறவரைத் தட்டி எழுப்புவது பக்கத்தில் இருப்பவரின் கடமை.

பறவைக்கு வாசனை பெரிய பொருட்டில்லை, பக்கத்தில் இருப்பவருக்குப் பொருட்டு. மூடிய அறைக்குள் அத்தரும் வேண்டாம், மசாலா வாடையும் வேண்டாம். தயிர்சாதம் சரி. மோர்மிளகாயை நறுக்கென்று கடித்தால் அது வேறு கதை.

முதல் பறவை வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் சுட்டுத் தள்ளாமல் இருப்பதும் மரியாதைதான். வந்து உட்கார்ந்து, சுற்றிப் பார்த்து, இறகைக் கோதும்வரை விடுங்கள். நிதானத்துக்கு வந்த பறவை அரைமணி நேரம் இருக்கும்.

இரை போட்டு, கிளை நட்டு, குளம் வெட்டி எடுக்கிற படத்தைக் காட்டுப்பறவைப் படம் என்று சொல்வது ஏமாற்று இல்லையா?

சரியான கேள்வி. எனக்கும் இதில் கறுப்பு வெள்ளையாகப் பதில் கிடையாது.

பறவை காட்டுப்பறவைதான். அதைக் கூண்டில் வைக்கவில்லை. அது வர விரும்பினால் வரும், பல நாள் வராமலே போகும். குளம் வெட்டுவதை நான் தவறாக நினைக்கவில்லை. வறண்ட கோடையில் அது பறவைக்கும் பயன். அழகான கிளையை நட்டு வைப்பது படக் கலையைச் சேர்ந்தது, பறவைக்கு அதனால் கெடுதல் இல்லை. குளிர்காலத்தில் கழுகுக்கு இறந்த மீனோ, செத்த ஆட்டு மாமிசமோ வைப்பதும் பல நாடுகளில் நடக்கிறது.

நான் கோடு போடுகிற இடங்கள் இரண்டு. ஒன்று உயிருள்ள இரை. மீன்கொத்திக்காகத் தொட்டியில் மீன்களை அடைத்து வைப்பது சில இடங்களில் வழக்கம். அது இயல்பாகப் பிடிக்கிற மீன்தானே என்று வாதிடுவார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆந்தைக்கு எலியைக் கட்டி வைப்பதற்கு எந்த வாதமும் கிடையாது. லண்டன் போட்டியின் விதிகளும் உயிருள்ள இரையை அனுமதிப்பதில்லை.

இரண்டாவது, சொல்லாமல் விடுவது. ‘பல நாள் புல்வெளியில் ஊர்ந்து போய் எடுத்தேன்’ என்ற தொனியில் ஹைட் படத்தைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஹைடிலிருந்து, ஹங்கேரி’ என்று ஒரு வரி சேர்த்தால் படத்தின் மதிப்பு குறையப் போவதில்லை.

கூட்டுக்குப் பக்கத்தில் ஹைட் கட்டினால் பறவை கூட்டைக் கைவிட்டுவிடாதா?

தப்பாகச் செய்தால் கைவிடும். சரியாகச் செய்கிறவர்கள் பறவைகள் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் முன்பே ஹைடை நிறுத்திவிடுவார்கள். வந்து பார்க்கும்போதே அது நிலத்தின் ஒரு பகுதியாக இருக்கும். முட்டையிட்ட பிறகு புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது ஆபத்து. ஆட்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும் இருட்டிலோ, பறவைகள் இல்லாத நேரத்திலோ நடக்க வேண்டும்.

அந்நாட்டுச் சட்டம் இதை விளையாட்டாக எடுப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட ஒவ்வோர் இனத்துக்கும் அந்நாட்டு நாணயமான ஃபோரின்டில் மதிப்பு குறித்திருக்கிறார்கள். முன்பு சொன்ன, கானமயிலின் ஐரோப்பிய உறவு ஒன்றுக்கு 10 லட்சம் ஃபோரின்ட். அதனால் ஹைட் நடத்துகிறவரிடம் தேசியப் பூங்காவின் அனுமதி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

உள்ளே இருக்கும்போது நீங்களும் கவனியுங்கள். இரையை அலகில் வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போகாமல் தொலைவிலேயே சுற்றிக்கொண்டிருந்தாலோ, நிறுத்தாமல் எச்சரிக்கைக் குரல் கொடுத்தாலோ ஏதோ பிடிக்கவில்லை என்று அர்த்தம். வழிகாட்டிக்குச் செய்தி அனுப்புங்கள். அன்றைய படம் போனால் போகட்டும்.

குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்? யார் எந்த ஹைடில் என்று எப்படி முடிவாகும்?

ஆறு பேர் நல்ல அளவு, எட்டு பேர் எல்லை. அதற்கு மேல் போனால் ஹைடு எண்ணிக்கை போதாமல் யாராவது ஒரு வேளை சும்மா இருப்பார்கள். ‘எல்லாருக்கும் எல்லா ஹைடும்’ என்று சொல்வார்கள். எத்தனை மணி நேரம், காலையா மாலையா என்று அட்டவணையாகக் கேட்டு வாங்குங்கள். ஒருவருக்குப் பொன்னிறக் காலை வெயிலில் பனங்காடையும், இன்னொருவருக்கு உச்சி வெயிலில் அதே பனங்காடையும் கிடைத்தால், இரவுச் சாப்பாட்டு மேசையில் அது தெரியும்.

முதல் நாளே சீட்டுக் குலுக்கி வரிசை போட்டுவிடுவது உத்தமம். கணவன் மனைவியாக வருகிறவர்கள் ஒரே ஹைடில்தான் உட்காருவோம் என்று அடம்பிடிக்காமல் இருந்தால் எல்லாருக்கும் சௌகரியம்.

தனியாகப் போய் ஹைடை நாமே வாடகைக்கு எடுத்தால் மலிவாக முடியாதா?

முடியும். நாள் வாடகைக்கு விடுகிறார்கள், ஒருவருக்கு நாளொன்றுக்கு நூறு யூரோவைத் தாண்டுவது சாதாரணம். நாலு நண்பர்கள் சேர்ந்து கார் எடுத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். ஆனால் நல்ல ஹைடுகளை மே, ஜூனுக்குக் குழுக்காரர்கள் வெகு முன்பே பதிந்துவிடுகிறார்கள். அதிகாலை மூன்று மணிக்குத் தெரியாத மண் பாதையில் காரை ஓட்ட வேண்டியவரும் நீங்கள்தான். முதல் தடவை குழுவோடு, அடுத்த தடவை சொந்தமாக என்பது நியாயமான திட்டம்.

விசா?

ஹங்கேரி ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய பயணத்துக்குத் தேவையில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்லப் பொதுவாக 15 நாள், இழுத்தால் 45 நாள்கூட ஆகும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம் போக வேண்டும். வியன்னாவையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். கோடை விடுமுறைக் காலத்தில் விண்ணப்பம் கொடுக்க நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பாடு, ஆகவே ஜனவரியிலேயே காகிதங்களைத் தயார் செய்யுங்கள்.

கேமராவைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதில் சிக்கல் வருமா?

இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர்கள் விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். கேமரா, லென்ஸ் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் எழுதிக் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது ‘இதை வெளிநாட்டில் வாங்கினாயா’ என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு போங்கள். வாங்கிய ரசீதின் நகலும் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து புடாபெஸ்டுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா வழியாகப் போகிறவர்கள் அதிகம். சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோதான், கேமராப் பை மட்டுமே அதைத் தொட்டுவிடும். நிறையப் பைகள் உள்ள சட்டை ஒன்று போட்டுக்கொண்டு ஒரு லென்ஸை அதில் வைப்பது பழைய தந்திரம், இன்னும் வேலை செய்கிறது. உதிரி பேட்டரிகளும் பவர்பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. டிரைபாடு பெட்டிக்குள் போகட்டும். நம்மூர் இரண்டு முனை வட்டப் பிளக் அங்கே பொருந்தும், மூன்று முனை பொருந்தாது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். காளான் பாப்ரிகாஷ் எனும் மிளகாய்ப்பொடிக் குழம்பு, பொரித்த பாலாடைக்கட்டி, புளிப்புச் செர்ரியில் செய்யும் குளிர்ந்த சூப், லாங்கோஷ் எனும் பொரித்த மாவு ரொட்டி ஆகியவை உண்டு. பன்றிக்கொழுப்பில் வதக்கும் வழக்கம் இருப்பதால் எண்ணெயில் செய்யச் சொல்லிவிடுங்கள். ஹைடுக்குக் கட்டிக்கொடுப்பது அநேகமாக ரொட்டிதான். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துப்போனால் குழுவில் உங்களுக்குத் திடீரென்று நண்பர்கள் கூடுவார்கள்.

பூச்சிக்கடி?

மீன்குளங்களில் ஜூன் கொசு நம்மூர்க் கொசுவுக்குச் சளைத்தது அல்ல. அதைவிடக் கவனிக்க வேண்டியது உண்ணி. லைம் நோயும், மூளையழற்சியும் உண்ணியால் அங்கே பரவுகின்றன. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், இரவில் குளிக்கும்போது உடம்பைத் தடவிப் பாருங்கள். மூளையழற்சிக்குத் தடுப்பூசி உண்டு. இடைவெளி விட்டுப் பல தவணையாகப் போடுவது என்பதால் மருத்துவரிடம் சில மாதம் முன்பே பேசுங்கள்.

மழை பெய்தால் பணம் வீணா?

தூறல் நின்ற பிறகு நனைந்த பனங்காடை சிறகை விரித்துக் காய வைக்கும், அது நல்ல படம். நாள் முழுக்க மழை என்றால் குளத்து ஹைடில் ஒன்றும் நடக்காது. பணம் திரும்பாது என்றுதான் எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். ஒரு வேளையாவது மாற்றிக் கொடுக்க இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

படம் எடுக்காத என் மனைவியோ கணவரோ கூட வந்தால் போரடிக்குமா?

ஹைடுக்குள் உட்கார வைத்தால் நிச்சயம் போரடிக்கும். வெளியே விட்டால் இல்லை. ஹோர்தோபாஜில் 1833-இல் கட்டி முடித்த ஒன்பது கண் பாலம், நீண்ட கொம்புள்ள சாம்பல் மாடுகள், திருகு கொம்பு ஆடுகள், மீன்குளங்களுக்கு நடுவே ஓடும் குட்டி ரயில் எல்லாம் இருக்கின்றன. புல்வெளிக் கிணறுகளில் நம்மூர் ஏற்றத்தைப் போலவே நெம்புகழி வைத்துத் தண்ணீர் இறைக்கும் அமைப்பை இன்னும் பார்க்கலாம். ரயிலில் போகிறவருக்கு ஒரு இருகண்நோக்கி கொடுத்தனுப்புங்கள். வக்காவும், நம் மடையானின் உறவான ஸ்குவாக்கோ கொக்கும், கரண்டிவாயனும் அங்கேயே தெரியும். ஹைடில் உட்கார்ந்தவரைவிட அதிக இனங்களை அவர் பார்த்துவிட்டு வருவார். இரவில் அதைச் சொல்லியும் காட்டுவார்.

மெமரி கார்டு எத்தனை வேண்டும்?

நினைப்பதைப்போல இரண்டு மடங்கு. வல்லூறு ஹைடில் ஒரே காலையில் சில ஆயிரம் படங்கள் சாதாரணமாக ஏறிவிடும். மதிய நேரத்தைத் தூங்கியே கழிக்காமல், தேறாத படங்களைக் கழித்துக் கட்டவும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். கண் மூடியவை, தலை திரும்பியவை, ஒரே மாதிரி இருபது என்று அன்றன்றைக்கே தள்ளினால் ஊருக்கு வந்தபின் தலைவலி குறையும். மிஞ்சியதை இரண்டு தனித்தனி வன்தட்டில் ஏற்றி, ஒன்றைக் கைப்பையிலும் இன்னொன்றைப் பெட்டியிலும் வையுங்கள்.